அணுக்கள் எதற்காகச் சேர்கின்றன? என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும்

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயந்திர நேரத்தில் வேதியியல் சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேப்பில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். வேதிப்பிணைப்புப் பாடம் வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைகள் மட்டுமல்ல, கூட்டிப் போக வரும் பெற்றோரும் வாசலில் நின்றபடி கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன்.

ஏனுங்க சார், அணு எதுக்குங்க இன்னொரு அணுகூடச் சேரோணும்? தனியா இருந்தா என்னங்க?

இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு புரோட்டான், வெளியே ஒரு எலக்ட்ரான். இரண்டும் நெருங்கும்போது, இந்த அணுவின் புரோட்டான் அந்த அணுவின் எலக்ட்ரானையும் சேர்த்து இழுக்கிறது. அதுவும் அப்படியே. அதே சமயம் புரோட்டானும் புரோட்டானும் தள்ளிக்கொள்கின்றன, எலக்ட்ரானும் எலக்ட்ரானும் தள்ளிக்கொள்கின்றன. இழுப்பும் தள்ளலும் சரிக்குச் சரியாக நிற்கிற தூரம் 74 பைகோமீட்டர். ஒரு மீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பைகோமீட்டர். அந்தத் தூரத்தில்தான் இரண்டு அணுக்களின் மொத்த ஆற்றல் மிகவும் குறைவு. அங்கே போய் நிற்பதைத்தான் பிணைப்பு என்கிறோம்.

நம் ஊர் வட்டக்கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு அறுந்தால் குடம் தானாகக் கீழே போய்விடும், யாரும் தள்ள வேண்டியதில்லை. திரும்ப மேலே கொண்டுவரத்தான் ஆள் வேண்டும், கயிறு வேண்டும், இழுக்கத் தெம்பு வேண்டும். அணுக்கள் சேர்வது குடம் கீழே போவது மாதிரி, பிரிப்பது மேலே இழுப்பது மாதிரி. ஹைட்ரஜனில் அந்தக் கிணற்றின் ஆழம் மோலுக்கு 436 கிலோஜூல். மோல் என்பது டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கை, ஆனால் மிக மிகப் பெரியது. கிலோஜூல் ஆற்றலை அளக்கிற அலகு. இந்தக் குடத்தை மறக்காதீர்கள், கீழே பல இடத்தில் திரும்ப வரும்.

தனியாகவே இருக்கிற அணுக்களும் உண்டு. ஹீலியம், நியான், ஆர்கான். எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் 'ஆர்கான் வெல்டிங்' என்று பலகை பார்த்திருப்பீர்கள். காய்ந்து சிவந்த உலோகத்தோடுகூட ஆர்கான் சேராது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அந்த இடத்தைத் தொடாமல் மறைத்து நிற்கும். அதற்காகத்தான் அதை ஊதுகிறார்கள்.

எட்டு எலக்ட்ரான் வேணும்னு அணுவுக்கு எப்படிங்க தெரியும்?

தெரியாது. வெளிச் சுற்றில் எட்டு எலக்ட்ரான் நிறைந்தால் அணு நிலையாக நிற்கும் என்பது புத்தகம் சொல்கிற எட்டு விதி. ஆனால் அணுவுக்கு ஆசையும் இல்லை, கணக்கும் தெரியாது. 'சோடியம் கொடுக்க விரும்புகிறது, குளோரின் வாங்க விரும்புகிறது' என்று நாங்கள் சொல்வது பேச்சு வசதிக்காக. அதையே உண்மை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, ஒவ்வொரு வருஷமும் நிறுத்தித் திருத்துகிறேன்.

சோடியம் ஆவியில் ஒரு அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் செலவு. குளோரின் அணு அதை வாங்கும்போது 349 திரும்பக் கிடைக்கும். கூட்டிக் கழித்தால் 147 நஷ்டம். கொடுக்கல் வாங்கலோடு கதை முடிந்தால் உப்பே உருவாகியிருக்காது. எலக்ட்ரானை இழந்தோ வாங்கியோ மின்சுமை பெற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். நேர் மின்சுமை, எதிர் மின்சுமை கொண்ட அந்த அயனிகள் நெருங்கி அடுக்காகும்போது 787 கிலோஜூல் வெளியே வருகிறது. நஷ்டத்தை அடைத்துவிட்டு மிச்சமும் இருக்கிறது, அதனால்தான் உப்பு உண்டாகிறது. எட்டு என்ற எண்ணிக்கை, ஆற்றல் குறைந்த அமைப்பு எது என்று சுருக்கமாகக் காட்டுகிற அடையாளம். எல்லா இடத்திலும் அது பலிக்காது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, ரெண்டுக்கும் வித்தியாசம் சுருக்கமா சொல்லுங்க சார்.

எலக்ட்ரான் ஒரு அணுவை விட்டு இன்னொன்றுக்குப் போய்விட்டால், எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பு அயனிப் பிணைப்பு. எலக்ட்ரான் ஜோடி இரண்டு அணுக்கருக்களுக்கும் பொதுவாக நின்றால் சகப்பிணைப்பு. இந்த இரண்டு எண்ணங்களும் 1916ஆம் வருஷம் வெளிவந்தன. முதலாவதை ஜெர்மனியில் வால்தர் கோசலும், இரண்டாவதை அமெரிக்காவில் கில்பர்ட் லூயிஸும் எழுதினார்கள். எலக்ட்ரானைப் புள்ளியாகப் போடுகிற படம் லூயிஸ் கொடுத்ததுதான்.

சோடியத்தைத் தண்ணியில போட்டா வெடிக்குது, குளோரின் விஷம். ரெண்டும் சேர்ந்ததை எப்படிங்க ரசத்துல போட்டுச் சாப்பிடறோம்?

தண்ணீரில் வெடிப்பது சோடியம் உலோகம். தளர்ந்து நிற்கிற அதன் வெளி எலக்ட்ரான்தான் அத்தனை வேகத்துக்கும் காரணம். உப்பில் இருப்பது அந்த எலக்ட்ரானை ஏற்கனவே இழந்துவிட்ட சோடியம் அயனி. விழ வேண்டிய கிணற்றில் குடம் விழுந்தாயிற்று, இனி விழ ஒன்றும் இல்லை. குளோரைடு அயனிக்கும் இதே கதைதான். பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஒரு எலக்ட்ரான் இடம் மாறினாலே அது வேறு பொருள்.

ஒரு உப்பு மூலக்கூறு எத்தனை பெருசு இருக்குங்க?

உப்பில் மூலக்கூறே கிடையாது. பரீட்சையில் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று எழுதி மதிப்பெண் விட்ட பிள்ளைகள் நிறைய. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்று அந்த அடுக்கு முடிவில்லாமல் போகிறது. எது யாருடைய ஜோடி என்று கேட்க முடியாது.

வீட்டில் கல் உப்பில் பெரிய கல்லாக ஒன்றை எடுத்து அம்மிக்குழவியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கன்னாபின்னாவென்று நொறுங்காமல், தட்டையான முகங்களோடு சதுரச் சில்லாகப் பிளக்கும். டேபிள் உப்புத் தூளை லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டிக் குட்டிக் கட்டமாகத் தெரியும். உள்ளே இருக்கிற அடுக்குத்தான் வெளியே அப்படித் தெரிகிறது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அகலமுள்ள ஒரு தூளில் சுமார் 8000 கோடி கோடி சோடியம் அயனிகளும் அதே அளவு குளோரைடுகளும் இருக்கும்.

தேங்காய் எண்ணெய் மார்கழியில உறைஞ்சு போகுது, வெயில்ல வெச்சா உடனே உருகுது. உப்பு அடுப்பு மேல வெச்சாலும் உருகலீங்க. அப்ப சகப்பிணைப்பு பலம் இல்லாததுங்களா?

இதைக் கேட்டது ஒரு பையனின் அம்மா. காங்கேயத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறவர். பாடப்புத்தகத்தை விடக் கூர்மையான கேள்வி.

எண்ணெய் உருகும்போது ஒரு சகப்பிணைப்புகூட அறுவதில்லை. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரு மூலக்கூறுக்குள் கெட்டியாகப் பிணைந்தே இருக்கின்றன. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய ஈர்ப்பு மட்டும்தான் தளர்கிறது. அதற்குச் சுமார் 24 டிகிரி செல்சியஸ் போதும். உப்பில் அப்படி மெல்லிய இடமே இல்லை, எங்கே தொட்டாலும் அயனிப் பிணைப்பு. அதனால் 801 டிகிரி வேண்டும். உறைந்த எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைக்கும்போது, பின்னலை அவிழ்க்காமல் கூந்தல்களை மட்டும் தனித்தனியாக விலக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சகப்பிணைப்பின் உண்மையான பலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வைரத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு கார்பனும் நாலு கார்பனோடு சகப்பிணைப்பில், கல் முழுக்க ஒரே வலை. மூலக்கூறு என்று தனியாகப் பிரிந்து வர அங்கேயும் ஒன்றும் இல்லை.

பிணைப்பு உடையறப்பத்தானுங்க சக்தி வெளிய வருது? கேஸ் எரியறது அப்படித்தானுங்களே?

இல்லை கண்ணு. இதுதான் நான் அதிகம் கேட்ட தவறு. பயாலஜி வகுப்பில் 'பிணைப்பு உடைந்து ஆற்றல் கிடைக்கிறது' என்று ஒரு வரி காதில் விழுந்திருக்கும், அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். குடத்தை நினையுங்கள். மேலே இழுக்கச் செலவு, கீழே விழுந்தால் வரவு. உடைப்பது எப்போதும் செலவுதான், ஒரு விதிவிலக்கும் இல்லை.

சாண எரிவாயுக் கலன் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறது. அதில் எரிவது மீத்தேன். ஒரு மோல் மீத்தேன், அதாவது 16 கிராம், எரியக் கணக்குப் போடுவோம். நாலு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க ஒவ்வொன்றுக்கும் 413 வீதம் 1652. இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைக்க 498 வீதம் 996. மொத்தச் செலவு 2648 கிலோஜூல். அப்புறம் புதுப் பிணைப்புகள். கார்பன் டை ஆக்சைடில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, 799 வீதம் 1598. இரண்டு தண்ணீர் மூலக்கூறில் நாலு பிணைப்பு, 463 வீதம் 1852. மொத்த வரவு 3450. மிச்சம் 802 கிலோஜூல். அந்த மிச்சம்தான் சோறு வேகிற சூடு.

தீக்குச்சி எதற்கு என்பதும் இதிலேயே இருக்கிறது. முதல் சில பிணைப்புகளை உடைக்கிற செலவை யாராவது முன்பணமாகப் போட வேண்டும். அதற்குப் பிறகு வரவே அடுத்த செலவைப் பார்த்துக்கொள்ளும்.

உப்பு 801 டிகிரி வரைக்கும் அசையாதுங்கறீங்க. பச்சைத் தண்ணியில எப்படிங்க கரைஞ்சு போகுது?

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர் மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர் மின்சுமை. சோடியம் அயனியைச் சுற்றி ஆக்சிஜன்கள் முகம் காட்டி நிற்கும், குளோரைடைச் சுற்றி ஹைட்ரஜன்கள். அப்படிச் சூழும்போது கிடைக்கிற வரவு, அடுக்கைப் பிரிக்கிற 787 செலவை ஏறக்குறைய ஈடு செய்துவிடும். நாலு கிலோஜூல் மட்டும் குறையும், அதைத் தண்ணீரின் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அயனிகள் நீர் முழுக்கச் சிதறிப் பரவுகிற இயல்பு மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

கரைந்த உப்பைத் துணியாலோ மணலாலோ வடிகட்ட முடியாது. தனித்தனி அயனியாகி நீரோடு நீராக நிற்கிறது. திருப்பூர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றில் சாயப்பட்டறைக் கழிவுநீர் கலந்தபோது நடந்தது இதுதான். சாயத்தின் நிறத்தைப் பிரித்துவிட்டாலும் உப்பு தண்ணீரோடே போய் ஒரத்துப்பாளையம் அணையில் சேர்ந்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிலைக்கு வராத பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. இப்போது சவ்வு வைத்து அழுத்தி வடித்து, மீந்ததைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். காய்ச்சுவதற்கு ஆகிற விறகும் மின்சாரமும், கரைந்த உப்பு எத்தனை பிடிவாதமானது என்று காட்டும்.

ஈரோட்டு மஞ்சள் தண்ணியில கரையாம அடியில நிக்குது, எண்ணெயில மட்டும் நல்லா நிறம் பிடிக்குது. ஏனுங்க?

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். அது அயனி அல்ல, பெரும்பகுதி கார்பன் வளையங்களால் ஆன சகப்பிணைப்பு மூலக்கூறு. தண்ணீர் சூழ்ந்து இழுக்க அதில் பிடி குறைவு. எண்ணெயின் மூலக்கூறும் கார்பன் சங்கிலிதான், இரண்டும் சுலபமாகக் கலக்கும். தாளிக்கும்போதே மஞ்சள்தூள் போடுகிற வழக்கம் நம் அம்மிச்சிமாருக்குக் கைப்பழக்கமாக வந்துவிட்டது.

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாகிறதே, அதுவும் பிணைப்புச் செய்தி. சுண்ணாம்பு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க் குணமுள்ள பொருள். குர்குமினில் ஆக்சிஜனோடு பிணைந்திருக்கிற ஒரு ஹைட்ரஜனை அது அயனியாகக் கழற்றிவிடுகிறது. மூலக்கூறு முழுக்கப் பரவியிருக்கிற எலக்ட்ரான்களின் அமைப்பு மாற, விழுங்குகிற ஒளியும் மாறுகிறது.

காப்பர் கம்பி வளையுது, உப்பு உடையுது. சரி. மோட்டார் பாடி இரும்புதானுங்க, அது ஏன் கீழ போட்டா உடையுது?

உலோகத்தில் வெளி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமாக இல்லாமல் எல்லா அயனிகளுக்கும் பொதுவாகத் திரிகின்றன. ஒரு அடுக்கு நகர்ந்தாலும் அந்தப் பொது எலக்ட்ரான்கள் அப்படியே பிடித்துக்கொள்ளும். அதனால் ரீவைண்டிங் கடையில் முடி மாதிரி இழுத்த கம்பியைச் சுற்றுகிறார்கள். கம்பியில் மின்சாரம் போவதும் அந்தத் திரியும் எலக்ட்ரான்களால்தான். உப்பில் ஒரு அடுக்கு நகர்ந்தால் நேர் மின்சுமைக்குப் பக்கத்தில் நேர் மின்சுமையும், எதிர் மின்சுமைக்குப் பக்கத்தில் எதிர் மின்சுமையும் வந்து நிற்கும், தள்ளிப் பிளந்துவிடும்.

கோயமுத்தூர் ஃபவுண்டரியில் பம்புக்கும் மோட்டாருக்கும் ஊற்றுவது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் உண்டு. ஆறும்போது கார்பன் தனியாகப் பிரிந்து கார்பனின் ஒரு வடிவமான கிராஃபைட்டின் மெல்லிய தகடுகளாக இரும்புக்குள் நிற்கும். கிராஃபைட்டில் ஒரு படலத்துக்குள் பிணைப்பு மிகவும் கெட்டி, படலத்துக்கும் படலத்துக்கும் நடுவில் மிகவும் தளர்ச்சி. அடி விழுந்தால் அந்தத் தகட்டு ஓரம் வழியாகவே விரிசல் ஓடும். இரும்பின் பிணைப்பு மாறவில்லை, உள்ளே விரிசலுக்கு வழி போட்டு வைத்திருக்கிறது.

ஹைட்ரஜன் பிணைப்பும் நிஜமான பிணைப்புங்களா சார்?

பெயர் பெரிது, பலம் சிறிது. தண்ணீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு மோலுக்கு 463 கிலோஜூல். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனுக்கும் நடுவில் இருக்கிற இந்த ஈர்ப்பு சுமார் 20தான். ஆனால் எண்ணிக்கையில் ஜெயித்துவிடும். தண்ணீரை விடக் கனமான ஹைட்ரஜன் சல்பைடு, மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிறது. இந்தச் சின்ன ஈர்ப்பு இல்லையென்றால் பவானியும் அமராவதியும் ஆறாக ஓடியிருக்காது.

நாமக்கல் முட்டையை வேகவைக்கிறோமே, வெள்ளைக்கரு இறுகுகிற வேலை தொடங்குவதும் இங்கேதான். புரதச் சங்கிலியை மடித்து வைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் விட்டுப்போகும், சங்கிலிகள் விரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சங்கிலியின் சகப்பிணைப்பு அறுவதில்லை.

டையிங்ல மூட்டை மூட்டையா உப்பு கொட்டறாங்களே, உப்புத்தானுங்க சாயத்தைத் துணியில ஒட்ட வெக்குது?

இல்லை, உப்பு கிட்டே கூட்டி வருகிறது. ஒட்ட வைப்பது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட் என்ற காரம். பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் மேல்பரப்பில் லேசான எதிர் மின்சுமை எடுத்துக்கொள்ளும். சாய மூலக்கூறும் எதிர் மின்சுமைதான். இரண்டும் தள்ளிக்கொள்ளும். நடுவில் சோடியம் அயனிகள் நிறைந்தால் அந்தத் தள்ளல் மங்கி, சாயம் நூலுக்குள் இறங்கும். லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரைகூடப் போடுவார்கள், ஷேடு ஆழமாக ஆக உப்பும் ஏறும்.

இந்த நிலையில் சாயம் நூலில் ஹைட்ரஜன் பிணைப்பு மாதிரியான மெல்லிய ஈர்ப்பில்தான் தங்கியிருக்கிறது. அப்புறம் சோடா ஆஷ் விடுவார்கள். பருத்தியின் செல்லுலோஸில் இருக்கிற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியிலிருந்து காரம் ஹைட்ரஜனைக் கழற்றும். வெறுமனே நின்ற ஆக்சிஜன் சாய மூலக்கூறின் கார்பனோடு சகப்பிணைப்பாகச் சேரும். சாயமும் நூலும் அதோடு ஒரே மூலக்கூறு. 'ரியாக்டிவ்' என்று டப்பாவில் போட்டிருப்பது இதனால்தான். பருத்திக்கான இவ்வகைச் சாயங்கள் 1956இல் விற்பனைக்கு வந்தன.

நான் இருந்த பட்டறையில் ஒரு ராத்திரி ஷிப்டில் சோடா ஆஷ் விடாமலே ஒரு லாட் இறங்கிவிட்டது. மெஷினை விட்டு வெளியே எடுத்தபோது நல்ல ரத்தச் சிவப்பு, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சோப்பிங்குக்கு, அதாவது சோப்புத் தண்ணீரில் அலசப் போட்டதும் தண்ணீர் சிவந்துகொண்டே போனது. மூன்றாவது வாஷில் துணி ரோஸ் நிறத்துக்கு வந்து நின்றது. ஈர்ப்புக்கும் பிணைப்புக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தொட்டிதான் கண்ணில் வரும். போட்ட உப்பில் ஒரு துளியும் துணியில் தங்காது. முழுசும் தண்ணீரோடு வெளியே வரும், நொய்யலைப் பற்றி மேலே சொன்னது அதனால்தான்.

எது அயனி, எது சகன்னு பார்த்ததும் சொல்ல வழி இருக்குதுங்களா?

ஓரளவுக்கு. அமெரிக்காவின் லைனஸ் பாலிங் 1932இல் எலக்ட்ரான் கவர்தன்மைக்கு, அதாவது பிணைப்பில் இருக்கிற எலக்ட்ரானை ஒரு அணு தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு, ஒரு அளவுகோல் கொடுத்தார். இன்றைய மதிப்பில் சோடியம் 0.93, ஹைட்ரஜன் 2.20, குளோரின் 3.16, புளூரின் 3.98. வித்தியாசம் 1.7-க்கு மேல் போனால் அயனித் தன்மை அதிகம் என்பது கைக்கணக்கு. சோடியம் குளோரைடில் 2.23, சரி. ஹைட்ரஜன் புளூரைடில் 1.78 வருகிறது, ஆனால் அது மூலக்கூறாக இருக்கிற பொருள், 20 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிற இடம் அல்ல இது. நடுவில் பெரிய பரப்பு இருக்கிறது, நாம் தினம் பார்க்கிற பொருள்களில் பலவும் அந்தப் பரப்பில்தான்.

ஈதல் சகப்பிணைப்புல ஒருத்தரே ரெண்டு எலக்ட்ரானும் கொடுக்கறாங்கன்னா, அது மத்ததை விட பலம் குறைவுங்களா?

அம்மோனியம் அயனியில் நைட்ரஜன் தன் ஜோடியைக் கொடுத்து நாலாவது ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொள்கிறது. சேர்ந்த பிறகு நாலு பிணைப்பும் ஒன்றே போலத்தான், எது பழையது எது புதியது என்று எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது.

எட்டு விதி பலிக்காத இடம் இருக்குதுன்னு சொன்னீங்களே?

போரான் டிரைபுளூரைடில் நடு அணுவைச் சுற்றி ஆறு எலக்ட்ரான். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் பத்து, சல்பர் ஹெக்ஸாபுளூரைடில் பன்னிரண்டு என்று எண்ணுகிறோம். ஆர்கான் வகையைச் சேர்ந்த, எட்டு நிறைந்த செனான் எதோடும் சேராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 1962இல் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர் அதையும் சேர்த்துக் காட்டினார். இரண்டாவது கேள்விக்குச் சொன்னதுதான் இங்கேயும். ஆற்றல் இறங்குகிறதா என்று பாருங்கள், எண்ணிக்கை அப்புறம்.

புத்தகத்துல கோடு போட்டிருக்கறாங்க. நிஜத்துல அந்தக் கோட்டை யாராச்சும் பார்த்திருக்கறாங்களா சார்?

2009இல் சூரிச்சில் ஐபிஎம் ஆய்வகத்தில் பென்டசீன் என்ற ஒரே ஒரு மூலக்கூறைப் படமெடுத்தார்கள். ஒளியால் அல்ல. ஊசிமுனையில் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டி, தொட்டும் தொடாமலும் தடவி, எங்கே எத்தனை விசை என்று அளந்து வரைந்த படம். கண் தெரியாதவர் விரலால் முகம் பார்ப்பது மாதிரி. வரிசையாக ஐந்து அறுகோணம், பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே தெரிந்தது.

படத்தை வகுப்பில் காட்டியபோது ஒரு பிள்ளை, 'அப்ப கோடு நிஜமாவே இருக்குதுங்களே சார்' என்றாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோடு மாதிரி தெரிகிற இடம் ஓரத்தில் மங்கலாகி, எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனது. அங்கே எலக்ட்ரான்கள் அடர்ந்து நிற்கின்றன, ஊசியைத் தள்ளுகின்றன, அவ்வளவுதான். முதல் கேள்வியில் சொன்ன அதே இழுப்பும் அதே தள்ளலும்.